கீழ் வரிசை, இடது பக்கம்

சாவோ பாவ்லோ
12 மார்ச் 1995

அன்புள்ள அக்கா,

நான் சுகம். நீயும் சலோமேயும் சுகம்தானே? உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? சுகாதார மையத்துக்குப் புது நாற்காலி வந்ததா, இல்லை இன்னும் குனிந்தபடியே பல் பிடுங்குகிறாயா?

அறை கிடைத்துவிட்டது. வீட்டுக்காரி காலையில் ரொட்டியும் காப்பியும் தருகிறாள். சர்க்கரையைக் கொட்டிக் கொதிக்க வைத்த காப்பி. பல்லைப் படிக்க வந்தவள் அதைத்தான் குடிக்கிறேன். இவர்கள் பேச்சு பாதி புரிகிறது, மீதிக்குத் தலையாட்டுகிறேன்.

வேலை நீ நினைத்ததுதான். ஐந்து வருடத்துக்கு முன்னால் இங்கே புறநகர்ப் பள்ளிகளில் பிள்ளைகளின் கடைவாய்ப் பற்களுக்கு சீலண்ட் வைத்திருக்கிறார்கள். பல்லின் பள்ளங்களை மூடிவிட்டால் சொத்தை எளிதில் பிடிக்காது, அது நமக்குத் தெரியும். மூடியது எவ்வளவு காலம் மூடியே இருக்கிறது என்பதுதான் கேள்வி. அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து வாயைத் திறக்கச் சொல்கிறோம். பாதிப் பேர் வீடு மாறிவிட்டார்கள். மீசை முளைத்த பையன்கள் வெட்கப்படுகிறார்கள்.

ஒரு வேண்டுகோள். கிளம்புவதற்கு முதல் நாள் சலோமேயின் நான்கு கடைவாய்ப் பற்களுக்கும் ரெசின் சீலண்ட் வைத்தேன் அல்லவா? நீதான் பஞ்சு பிடித்தாய். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் நல்ல வெளிச்சத்தில் பார்த்து எனக்கு எழுது. பார்த்தால் போதும், அதில் கை வைக்க வேண்டாம். பெற்றவளாக அவளிடம் நான் விட்டு வந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் இனி உன் கையால்தானே நடக்கப்போகிறது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இந்தப் படிப்பின் நேர்முகத் தேர்வுக்குத் தலைநகர் கீத்தோ போனபோது கதவில் ஒட்டியிருந்த தாளில் என் பெயருக்குச் சற்று மேலே உன் பெயரும் இருந்தது. நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இருந்தது ஒரே ஒரு இடம்.

சலோமேக்கு என் முத்தங்கள். ஞாயிறு பூசையில் எனக்காகவும் ஒரு மெழுகுதிரி ஏற்று.

உன் தங்கை
பியெதாத்


கட்டகோச்சா
30 ஏப்ரல் 1995

அன்புத் தங்கை பியெதாத்துக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே இருவரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். அந்த ஊர்க் குளிர் ஈரக்குளிர் என்கிறார்கள், நெஞ்சில் சளி கட்ட விடாதே. உன் கடிதம் புனித வாரத்தில் வந்தது. நாற்காலி வரவில்லை.

சலோமே நன்றாகச் சாப்பிடுகிறாள். பச்சை வாழைக்காய் சூப் வைத்தால் இரண்டு கிண்ணம். முதல் வாரம் தன் கட்டிலில் படுத்தாள், இப்போது என் கட்டிலில். முன்பல் ஒன்று விழுந்தது. தலையணைக்கு அடியில் வைத்தாள், பெரெஸ் எலி வந்து எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போனது.

மூலைக்கடை அவுரிஸ்தேலா போன சனிக்கிழமை எங்களைப் பார்த்துக் கத்தினாள்:

"என்ன டாக்டரம்மா, பெத்தவ ஒருத்தி, புள்ளைக்கு ஜாடை உங்களுதுல்ல இருக்கு! நடைகூட அதே தாங்கல் நடை!"

"சும்மா கெட அவுரிஸ்தேலா. அவ அம்மா காதுல விழப்போகுது."

"பிரேசில் வரைக்குமா கேக்கும்? அவ்வளவு பெரிய தொண்டையா எனக்கு?"

நானும் சிரித்துவிட்டேன். உனக்கும் சிரிப்பு வரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பற்களைப் பார்த்தேன். மேல் வரிசையில் இரண்டும் நன்றாக இருக்கின்றன. கீழே வலதுபுறம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. கீழே இடதுபுறம் மட்டும் பின் ஓரம் தூக்கியிருக்கிறது, கம்பியின் நுனி உள்ளே போகிறது. அந்தப் பல்லின் பின்பாதியை ஈறு இன்னும் மூடியிருக்கிறது, எச்சில் ஊறும், இரண்டு மாதம் பொறு என்று அன்றைக்கே சொன்னேன். உனக்கு விமானம் இருந்தது. இந்த மாதிரிப் பல்லுக்கு அயனோமர் சிமெண்ட் ஈரத்திலும் பிடிக்கும். நீ சொன்னால் வைத்துவிடுகிறேன்.

தாளைப் பற்றி எழுதியிருந்தாய். விண்ணப்பம் போட்டேன், கிடைக்கவில்லை. அதில் சொல்ல என்ன இருக்கிறது?

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா
ஹெர்மானியா


சாவோ பாவ்லோ
4 ஜூன் 1995

அன்புள்ள அக்கா,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். சளி இல்லை, இருமல்தான், அதுவும் போய்விட்டது.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். இரண்டு மாதத்தில் ரெசின் தூக்கிக்கொள்ளாது. நீ பார்த்தது மையத்து மஞ்சள் பல்பின் வெளிச்சத்தில். அந்த வெளிச்சத்தில் நிழல்கூட விரிசலாகத்தான் தெரியும். கம்பியால் குத்திக் குத்திப் பார்க்காதே, குத்துவதாலேயே ஓரம் போகும். உன் சிமெண்டை அதில் வைக்க வேண்டாம்.

இங்கே என்னோடு படிக்கும் ஜுசாரா நேற்றுகூடக் கேலி செய்தாள்: "ஒங்க ஊர்ல சிமெண்ட வெரல்ல வழிச்சு பல்லு மேல வெச்சு அமுக்குவாங்களாமே? டாக்டருங்களா, கொத்தனாருங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அக்கா. வேறு என்ன செய்வது? அயனோமர் ஒரு வருடத்துக்குள் உதிர்ந்துவிடுகிறது என்பது இங்கே எல்லோருக்கும் பாடம்.

விழுந்த முன்பல்லை எனக்கு அனுப்பு. எலி கொண்டுபோய்விட்டது என்று என்னிடமும் எழுதாதே.

சலோமே வரைந்து அனுப்பிய படத்தை அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வீடு, மலை, நாய், இரண்டு பேர் கைகோத்து நிற்கிறார்கள். பெரிய உருவத்துக்கு வெள்ளைக் கோட்டு. நம் இருவருக்குமே வெள்ளைக் கோட்டு உண்டு. அது யார் என்று அவளிடம் கேட்டு எழுது. கேட்க மறந்துவிட்டால் பரவாயில்லை.

உன் இடுப்புக்கு ஒத்தடம் கொடு.

பியெதாத்


கட்டகோச்சா
27 ஆகஸ்ட் 1995

பியெதாத்துக்கு,

நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மலையோரப் பள்ளிகளுக்கு ஃப்ளோரைடு பூசப் போயிருந்தேன். சலோமேயையும் கூட்டிப் போனேன், குதிரையில் எனக்கு முன்னால் உட்கார்ந்து வந்தாள்.

கொத்தனார் வேலையைப் பற்றி எழுதியிருந்தாய். போன வருடங்களில் நான் விரலால் அமுக்கி வைத்த பிள்ளைகளையும் இந்தத் தரம் பார்த்தேன். ஆமாம், நிறைய உதிர்ந்திருக்கிறது. மேலே பார்த்தால் ஒன்றும் இல்லை. ஆனால் பள்ளத்தின் அடியில் கொஞ்சம் தங்கியிருக்கிறது, அந்தப் பல்லில் சொத்தை அநேகமாக இல்லை. இதை உன் பேராசிரியையிடம் சொல். எனக்குச் சொல்லிக்கொள்ளப் பேராசிரியை கிடையாது.

இப்போது பல். ஜன்னலோரத்தில், பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். கீழ் இடதில் பின்பாதி போய்விட்டது. முன்பாதி பலகை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது, அதற்கு அடியில் சோளமாவு தங்குகிறது. நீ சொன்னபடி தொடவில்லை.

ஆனால் இது உனக்குத் தெரிய வேண்டும். கொஞ்ச நாளாக அவள் வலது பக்கம் மட்டும் மெல்லுகிறாள். வறுத்த சோளம் கொடுத்தால் வேண்டாம் என்கிறாள். இடது பக்கம் பிரஷ் படவே விடுவதில்லை, அழுக்கு படிந்திருக்கிறது. வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலிக்கல."

"அப்புறம் ஏன்டி ஒரு பக்கமாவே மெல்லுற, ஆடு மாதிரி?"

"அது விழுந்துடும்."

"விழுந்தா என்ன?"

"அது விழறதுக்குள்ள வந்துடுறேன்னு அம்மா சொன்னாங்க. விழுந்துட்டா அம்மாவுக்கு எப்ப வரணும்னு தெரியாம போயிடும்ல?"

நீ அப்படி அவளிடம் சொன்னது எனக்குத் தெரியாது. பஞ்சு பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன், என் காதில் விழாமல் எப்போது சொன்னாய்?

படத்தைப் பற்றிக் கேட்டேன். அவள் விளையாடப் போய்விட்டாள்.

ஹெர்மானியா


சாவோ பாவ்லோ
24 செப்டம்பர் 1995

அக்கா,

நீங்கள் இருவரும் நலமா? நான் தூங்கவில்லை, வேறு குறை இல்லை.

நீ கை கழுவப் போனபோது சொன்னேன். அழுதுகொண்டிருந்தாள். ரெசினை இறுக வைக்கும் நீல விளக்கை அணைத்ததும், "இது எப்ப போகும்?" என்றாள். வாயில் வந்ததைச் சொன்னேன். எந்தத் தாயும் சொல்லியிருப்பாள். நாலு வருடம் ஐந்து வருடம் இருக்கும் என்று நம்பித்தான் சொன்னேன்.

படிந்திருக்கும் அழுக்கை மட்டும் தேய்த்துவிடு. பக்கத்தில் நின்று, கண்ணாடியில் காட்டி, அம்மா சொன்னாள் என்று சொல்லித் தேய்த்துவிடு. வேறு எதுவும் செய்யாதே. டிசம்பரில் விடுமுறை கிடைத்துவிட்டது. வரும்போது ரெசின் கொண்டு வருகிறேன். இப்போது ஈறு விலகியிருக்கும், நானே புதிதாக வைப்பேன். அவள் கண் திறந்து பார்க்கும்போது என் முகம் இருக்க வேண்டும்.

மூன்று மாதம்தான். மூன்று மாதத்தில் ஒரு பல் கெட்டுவிடாது என்று உனக்கும் தெரியும்.

கெட்டுவிடுமா?

பியெதாத்


கட்டகோச்சா
5 நவம்பர் 1995

அன்புத் தங்கைக்கு,

இங்கே சுகம். இறந்தோர் தினத்துக்கு அம்மா அப்பா கல்லறைக்குப் போய்ச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து வந்தோம். உன் பெயரிலும் ஒரு வளையம் வைத்தேன். சலோமே ரொட்டிப் பொம்மை வாங்கினாள், முதலில் தலையைத்தான் தின்றாள்.

பல்லைப் பற்றிக் கவலைப்படாதே. சொத்தை இல்லை. இரண்டு பக்கமும் மெல்லுகிறாள், பிரஷ் போட விடுகிறாள். உன் படிப்பைப் பார்.

மழை தொடங்கிவிட்டது, வண்டிப்பாதை முழுக்கச் சேறு. டிசம்பரில் வருவதானால் லோஹாவிலிருந்து காலை பஸ்ஸில் வா.

உன் அக்கா
ஹெர்மானியா


கட்டகோச்சா
17 நவம்பர் 1995

அன்பான அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? இது பள்ளியில் எழுதுற கடிதம். தூரத்தில் இருக்கிற ஒருத்தருக்கு எழுதணும்னு டீச்சர் சொன்னாங்க. டீச்சரே தபாலில் போடுவாங்க. தூரத்தில் எனக்கு நீங்க மட்டும்தான் இருக்கீங்க.

எங்க வீட்டு நாய் நாலு குட்டி போட்டுச்சு. ரெண்டு செத்துப்போச்சு. பெரெஸ் எலி என் பல்லு எல்லாத்தையும் பெரியம்மாவோட ஊசி டப்பாவில் ஒளிச்சு வெச்சிருக்கு. நான் பார்த்தேன். பெரியம்மாகிட்ட சொல்லல, அவங்க பயந்துடுவாங்க.

நீங்க வெச்சது விழுந்துடுச்சு. பாதி அதுவா விழுந்துச்சு. மீதியப் பெரியம்மா சுரண்டி எடுத்தாங்க. கிர்ருனு சத்தம் வந்துச்சு, வலிக்கல. அப்புறம் வெள்ளையா ஒண்ணு வெச்சு விரலால ரொம்ப நேரம் அமுக்கிப் பிடிச்சிருந்தாங்க. உதட்டுக்குத் தடவுற வாசலின் மாதிரி ருசி. இதையும் அம்மாவா கொடுத்தாங்கன்னு கேட்டேன். இல்ல, இது நான் வெச்சது, இனி ரெண்டு பக்கமும் மெல்லுன்னு சொன்னாங்க.

அது விழறதுக்குள்ள நீங்க வரல. பரவாயில்ல. இப்ப வறுத்த சோளம் சாப்பிடுறேன்.

இப்படிக்கு
சலோமே, இரண்டாம் வகுப்பு


சாவோ பாவ்லோ
3 டிசம்பர் 1995

ஹெர்மானியா அக்காவுக்கு,

நலம்.

இருபதாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். சலோமேயின் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்து வை. ஞானஸ்நானச் சான்றிதழும் வேண்டும். ஜனவரி கடைசியில் அவளைக் கூட்டிக்கொண்டு திரும்புகிறேன். இங்கே பள்ளியில் பேசிவிட்டேன்.

வருவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன், தொழில்காரியாகத்தான் கேட்கிறேன். பின்பாதி போய்விட்டது, சரி. அந்த இடத்தில் சிமெண்ட் வைத்தாய், அதுவும் சரி. பிடித்துக்கொண்டிருந்த முன்பாதியைச் சுரண்டி எடுக்க என்ன அவசியம்?

பியெதாத்


சாவோ பாவ்லோ
11 பிப்ரவரி 1996

அன்புள்ள அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீயும் சலோமேயும் நலம்தானே? அவள் பள்ளிக்குப் போகிறாளா?

பஸ் நிலையத்தில் நீ ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லாமல் ஏறிவிட்டேன். ஒரு பயணச்சீட்டுதான் என் கையில் இருந்தது, அது உனக்கே தெரிந்தது. ஏன் ஒன்று என்பதை எழுதுகிறேன்.

திருவிழா எதுவும் இல்லாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, நீ மையத்துக்குப் போயிருந்தாய். நானே காப்பி போட்டேன். அலமாரியிலிருந்து கைக்கு வந்த ஒரு தகரக் குவளையை எடுத்தேன். சலோமே நாற்காலி போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து பொன் விளிம்பு வைத்த கோப்பையை இறக்கி, பாவாடையில் துடைத்து என் முன்னால் வைத்தாள்.

"இதுல குடிங்க. இது வர்றவங்களுக்கு."

குடித்தேன். அப்புறம் கேட்டேன், "அம்மாகூட பிரேசிலுக்கு வர்றியா?"

"எத்தனை நாளைக்கு?"

"நாள் கணக்கில்லடி, அங்கேயே இருக்கலாம்."

"பெரியம்மாவும் வருவாங்களா?"

"இல்ல. நீயும் நானும்."

ரொம்ப மரியாதையாக, நான் வருத்தப்படக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சொன்னாள்: "அப்ப லீவுக்கு வர்றேன். சரியா?"

அப்புறம் நான் கேட்காமலே ஜன்னல் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். பழகிய நோயாளி மாதிரி. பார்த்தேன். மேலே இரண்டும், கீழே வலதும் என்னுடையவை, நேற்று வைத்தது போல இருக்கின்றன. கீழ் இடதில் உன்னுடையது. ஓரத்தில் கம்பியை ஓட்டினேன். ஒட்ட வைத்த இடம் தெரியவில்லை. குறை சொல்ல ஏதாவது அகப்படுமா என்று இன்னொரு தரம் ஓட்டினேன். ஒன்றும் அகப்படவில்லை.

கொண்டு வந்த ரெசினைப் பிரிக்கவே இல்லை. மையத்து அலமாரியில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன், யாருக்காவது ஆகும்.

கடைசிக் கடிதத்தில் நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. நேரில் இருந்த நாட்கள் முழுக்கவும் சொல்லவில்லை.

பியெதாத்


சாவோ பாவ்லோ
21 ஏப்ரல் 1996

அன்புள்ள அக்கா,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால் தவறியதா, உடம்புக்கு ஏதாவதா? சலோமேக்கு எட்டு வயதாகிறது. பெட்டியில் காலணி அனுப்பியிருக்கிறேன். அளவு தெரியாமல், ஜுசாராவின் மகள் காலில் போட்டுப் பார்த்து வாங்கினேன்.

வாய்களைப் பார்த்து முடித்துவிட்டோம். நன்றாக முளைத்த பல்லில், உலர வைத்துப் பூசியவை கல் மாதிரி இருக்கின்றன. ஈறு மூடியிருந்த பல்லில் அவசரத்தில் வைத்தவை முதலில் போயிருக்கின்றன. வருடா வருடம் யாராவது பார்த்து, போன இடத்தை மறுபடி மூடிய பிள்ளைகளுக்குச் சொத்தை குறைவு. யாரும் திரும்பிப் பார்க்காத பிள்ளைகள்தான் கெட்டுப்போயிருக்கிறார்கள். பேராசிரியை இதைக் கூட்டத்தில் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பாதியில் தண்ணீர் கேட்டேன்.

கீழே உள்ளதை நிதானமாகப் படி. எனக்கு இன்னும் நாலு வருடம் இங்கே இடம் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜூன் கடைசியில் வந்துவிடுகிறேன், திரும்பிப் போகிற மாதிரி இல்லை. உன் சிமெண்ட் பிள்ளைகளைப் பற்றி பேராசிரியையிடம் சொன்னேன். உதிர்ந்த பிறகும் அடியில் தங்குகிறது என்று நீ எழுதினாயே, அதைச் சொன்னதும் பேனாவை எடுத்துவிட்டார். விரலால் வைத்துப் பழகிய ஆள் ஒருவர் தனக்கு வேண்டும் என்றார். உன் பெயரைக் கொடுத்தேன். ஆகஸ்டிலிருந்து உனக்கு இடம் இருக்கிறது. தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டால் போதும்.

உன் மனதில் இருந்தது இதுதானே, அக்கா? எனக்குக் கிடைத்ததை நீ எப்படிப் பார்த்தாய் என்று எனக்குத் தெரியாதா? இப்போது உன்னுடையது. சலோமேயை நான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டுச் சாவியை அவுரிஸ்தேலாவிடம் கொடுத்துவிட்டுப் போனால்கூடப் போதும்.

உன் தங்கை
பியெதாத்


கட்டகோச்சா
19 மே 1996

பியெதாத்துக்கு,

நலம். நீயும் நலமாயிரு. முந்தைய கடிதமும் வந்தது, இதுவும் வந்தது. தபாலில் குற்றம் இல்லை. காலணி ஒரு அளவு பெரிது, பஞ்சு வைத்துப் போட்டுக்கொள்கிறாள்.

தாள்களை மேசையில் வைத்து ஒரு வாரம் பார்த்தேன். என் பெயரை அச்சில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. விரலில் எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டி, பேனாவையும் எடுத்தேன். அப்போது சலோமே வந்து தோளில் தாடையை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"யாரு போறாங்க, பெரியம்மா?"

"அம்மா வர்றாங்க."

"அது தெரியும். யாரு போறாங்க?"

எட்டு வயதுக்கு அவ்வளவு தெரிகிறது. எனக்குத் தெரிய ஒரு வாரம் ஆகியிருக்கிறது. நீ எனக்கு இடம் கொடுக்கவில்லை, பியெதாத். என் இடத்தைக் கேட்கிறாய். நயமாகக் கேட்கிறாய், உன் நிலையில் நானும் இப்படித்தான் கேட்டிருப்பேன். ஒரு வேளை இன்னும் நயமாக.

தாள்களைத் திருப்பி அனுப்புகிறேன். அந்த இடத்தை நான் ஆசைப்பட்டது உண்மை. நீ விமானம் ஏறிய அன்று மையத்தில் ஒரு பிள்ளைக்கும் நான் பல் பார்க்கவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது அப்போது. மத்தியானம் நான் வீட்டுக்கு வருகிறேனா வரவில்லையா என்று பார்க்க ஆள் இல்லாத காலம். பேராசிரியைக்கு விரலால் அமுக்குவது எப்படி என்று வேண்டுமானால் எழுதி அனுப்புகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். முன்பாதியின் ஓரம் தூக்கியிருந்தது, அடியில் பள்ளம் பழுப்பாகத் தொடங்கியிருந்தது, மாவு தங்கி நாற்றம் வந்தது. எந்தப் பிள்ளையாக இருந்தாலும் எடுத்துத்தான் இருப்பேன். எந்தப் பிள்ளையாக இருந்தாலும் அவ்வளவு அழுத்திச் சுரண்டியிருப்பேனா என்று மட்டும் கேட்காதே. இதையும் அம்மாவா கொடுத்தாங்க என்று அவள் கேட்டபோது, உன் அம்மா கொடுத்தனுப்பியது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. அது என் வாயிலிருந்து வரவில்லை.

நீ வா. லோஹா சாலைப் பள்ளிகளுக்கு ஆள் இல்லாமல் கிடக்கிறது, மையத்தில் உனக்கு வேலை உண்டு. பின் அறையைக் காலி செய்து வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் காலி வீட்டுக்கு வருகிறாய் என்று நினைத்துக்கொண்டு வராதே. நானும் இருப்பேன். அடுப்பு ஒன்றுதான்.

மத்தியானம் பள்ளி விட்டதும் அவள் தெருமுனையிலிருந்தே ஓடி வருவாள். படியேறும்போது ஒரு பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள், இரண்டு பெயரைச் சேர்த்துக் கூப்பிட அவளுக்கு மூச்சு இருக்காது. கூப்பிடப்படாதவள் அடுப்படியில் நின்று சூப்பைக் கிளறிக்கொண்டு அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். முதல் சில மாதம் அது நீயாக இருக்கும். அப்புறம் எந்த நாளில் மாறும் என்று தெரியாது. அந்த நாள் வரும் என்று தெரிந்துதான் உன்னை வரச் சொல்கிறேன்.

காலை பஸ்ஸில் வா.

ஹெர்மானியா